புதுப்பிப்பு: ரிச்மண்ட் நாடகக் கொட்டகை பூட்டிக் கிடக்கவில்லை

இங்கிலாந்தில் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள ரிச்மண்ட் என்ற சின்னச் சந்தை ஊரின் நாடகக் கொட்டகையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். நடிகரும் நாடகக் குழுத் தலைவருமான சாமுவேல் பட்லர் 1788-இல் கட்டியது. 1848 முதல் 1963 வரை அது 'பூட்டிக் கிடந்தது' என்று போட்டிருந்தேன். தப்பு, என் அவசரம்தான்.

நாடகம் நின்றதே தவிர, கட்டடம் சும்மா இருக்கவில்லை. ஏலக்கூடமானது. மேடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் ஒயின் சேமிக்கும் நிலவறைகள் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பழைய பேப்பர் சேகரிக்கும் கிடங்கு. உள்ளே பெட்டி போலத் தனித்தனியாகத் தடுத்த இருக்கைகளும் மேல்மாடமும் தப்பியதற்குக் காரணமே இந்த அலட்சியம்தான் என்பது என் கணிப்பு. பணக்கார ஊராக இருந்திருந்தால் எப்போதோ இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள்!

1960-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1963-இல் திரை மறுபடி எழுந்தது. 2003-இல் இன்னொரு பெரிய சீரமைப்பு.

"இருக்கை எத்தனை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போது சுமார் 150. பட்லர் காலத்தில் 400 பேர் வரை நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேல்மாடத்தில் உதைப்பதற்கென்றே பலகை உண்டு. பாராட்டோ எரிச்சலோ, காலால்தான். நம் ஊர் விசில் மாதிரி.

அப்புறம், விட்டுப்போன ஒன்று: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த காட்டுக் காட்சித் திரை ஒன்றும் அங்கே இருக்கிறது. பிரிட்டனில் மிஞ்சியிருப்பவற்றில் அதுதான் மிகப் பழையது என்கிறார்கள்.