சர்வீஸ் சாலை விபத்தும் இழப்பீடும்: தலைக்கவசம் அணியாதது தொகையைக் குறைக்குமா?

சத்துவாச்சாரி வாசி:
சென்ற மாதம் என் அக்காவின் கணவர் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலையில் இருசக்கர வாகனத்தில் சென்றபோது, எதிர்த்திசையில் வந்த சரக்கு ஆட்டோ மோதியதில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. தலைக்கவசம் அணியாததால் இழப்பீடு குறையும் என்கிறார்கள். புறநகரில் இத்தகைய பலத்த காயங்களுக்குப் பெரும்பாலும் எவை காரணமாகின்றன, இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயம் எதைப் பார்க்கும் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காட்பாடி வழக்கறிஞர்:
தலைக்கவசம் அணியாதது அபராதத்துக்குரிய குற்றம்தான்; ஆனால் அது தொடையைக் காப்பதில்லை. விபத்துக்கோ காயத்துக்கோ அந்தத் தவறு காரணமாயிற்று என்று காட்டினால்தான் தொகையைக் குறைக்கக் கேட்க முடியும்.

வாலாஜாபேட்டை முதல் பள்ளிகொண்டா வரை என்னிடம் வரும் வழக்குகளில், பாலத்தடியில் திரும்பச் சுற்றிப்போக மனமில்லாமல் எதிர்த்திசையில் வருபவர்களால் நேர்ந்தவை அதிகம். அடுத்தவை, பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் இருட்டில் ஓரங்கட்டிய லாரிகளின் மீது இருசக்கர வாகனங்கள் மோதுபவை. பின்னால் வந்து மோதியவர் மீதே தவறு என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும்போது, விளக்கில்லை என்பது பார்வை மகஜரில் (விபத்து இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் குறிப்பில்) பதிவாகாமல் இருந்தால் வாதாடுவது கடினம். உங்கள் வழக்கில் அந்தச் சாலைப்பகுதி ஒருவழியா, இருவழியா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இருவழி என்றால் எதிர்த்திசை என்ற வாதமே நிற்காது.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர்:
மருத்துவர் தரும் ஊனச் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல. காயமடைந்தவர் நின்றுகொண்டே வேலை செய்பவரா? எழுத்தருக்குச் சிறிய ஊனமாகத் தோன்றுவது, அத்தகையவருக்குப் பிழைப்பையே பறித்துவிடலாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காவல் நிலைய வாசலில் பேசப்படும் சமரசத் தொகைக்கு இணங்க வேண்டாம்.

சத்துவாச்சாரி வாசி:
இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் நின்றுகொண்டே இயந்திரம் இயக்குபவர், ஐயா. அந்த இடத்தில் ஒருவழிப் பலகை இருக்கிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையில் ‘எதிரே வந்த ஆட்டோ’ என்று மட்டுமே உள்ளது.

காட்பாடி வழக்கறிஞர்:
அப்படியானால், பலகையைப் புகைப்படம் எடுத்து, நேரில் பார்த்தவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யுமாறு விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அருகிலுள்ள கடைகளின் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். ஆகவே அதை இன்றே பாருங்கள்.