லாரி வைத்து எடுத்து ஐந்தே நாள், செப்டிக் டேங்க் மறுபடி நிறைந்துவிட்டது. அவசரம்!

மேலவீடு (நவம்பர் 8, காலை 7:12)
போன 3ஆம் தேதிதான் லாரி வைத்து எடுத்தோம். 2,500 ரூபாய். இன்று காலை மூடியைத் திறந்தால் தண்ணீர் தளும்புகிறது. கீழ்வீட்டு டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் களக் களக்கென்று சத்தம் வந்து மெதுவாகத்தான் இறங்குகிறது. லாரிக்காரர் அரைகுறையாக எடுத்துவிட்டுப் போய்விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை விருந்தாள் வருகிறார்கள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பைப்புராஜா (7:40)
வீட்டில் எத்தனை பேர்? டேங்க் என்ன அளவு? டாய்லெட் தண்ணீர் மட்டும் போகிறதா, குளிக்கிற தண்ணீரும் போகிறதா?

திண்ணை (7:44)
எந்த ஊர்? மழை பெய்கிறதா?

ஈசானமூலை (7:51)
டேங்க் எந்தத் திசையில் இருக்கிறது? வடகிழக்கில் இருந்தால் என்ன செய்தாலும் நிற்காது. வடமேற்குதான் சரி.

பைப்புராஜா (7:53)
சார், தண்ணீருக்குத் திசை தெரியாது, மட்டம்தான் தெரியும்.

சைட்மேஸ்திரி (8:30)
இந்தக் கேள்வி இங்கே மாதத்துக்கு நான்கு முறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. சரி, கடைசி முறையாகச் சொல்கிறேன். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். அது காலியாகக் கிடக்கிற தொட்டி இல்லை. உள்ளே வருகிற தண்ணீர் குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். கனமானது கசடாக அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு ஏடாக மேலே மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் அவுட்லெட் (வெளியேறும் குழாய்) வழியாக, அதை மண்ணுக்குள் இறக்குகிற உறைக்குழிக்குப் போகும். ஆகவே கேள்வி "நிறைந்துவிட்டதா" என்பதில்லை. அவுட்லெட் மட்டத்தில் நிற்கிறதா, அதற்கு மேலே ஏறி நிற்கிறதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். லாரிக்காரரை அப்புறம் திட்டலாம்.

மேலவீடு (9:05)
கோவில்பட்டி பக்கம். ஊருக்கு வெளியே புது நகர், பாதாளச் சாக்கடை வரவில்லை. டேங்க் 8 அடி நீளம், 4 அடி அகலம். ஆழம் 6 அடி, தண்ணீர் 5 அடி நிற்கும் என்று கொத்தனார் சொன்னதாக ஞாபகம். 4 பேர். அவுட்லெட் பைப் கண்ணுக்கே தெரியவில்லை, அதற்கு மேல் அரை அடி தண்ணீர். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

லாரியில் வந்த பையன், நாளைக்கு வந்து உள்ளே இறங்கி அடைப்பைப் பார்க்கட்டுமா என்று கேட்கிறான். விடலாமா?

திண்ணை (9:07)
ஐயோ, விடாதீர்கள்! மேலே இருந்து எட்டிப் பார்த்தவர்களே மயங்கி விழுந்திருக்கிறார்கள். உள்ளே விஷவாயு. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி ஆளை இறக்குவது குற்றமும்கூட, இறக்குகிற நீங்களும் மாட்டுவீர்கள். மெஷின் வைத்து எடுக்க 14420 என்ற உதவி எண் இருக்கிறது, அதில் கேளுங்கள்.

பைப்புராஜா (9:20)
நான்கு பேருக்கு இது நடக்காது தம்பி. 8 × 4 × 5 என்றால் 160 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 4,500 லிட்டர் சொச்சம். அது ஐந்து நாளில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 900 லிட்டர் உள்ளே போகிறது. டாய்லெட்டுக்கு மட்டும் ஒரு ஆளுக்கு 35 லிட்டர் வைத்தாலும் நான்கு பேருக்கு 140தான். மீதி எங்கிருந்து வருகிறது? மோட்டார் முன்னைவிட அதிகம் போடுகிறீர்களா?

மேலவீடு (9:48)
ஆமாம், இப்போது நாளைக்கு இரண்டு தடவை போடுகிறோம். மாடியில் ஆகஸ்டில் குடித்தனம் வந்தார்கள், 5 பேர். சொல்ல மறந்துவிட்டேன்.

சைட்மேஸ்திரி (9:50)
சொல்ல மறந்தீர்கள். ஐந்து பேரை.

வாழையிலை (10:15)
கெமிக்கல்தான் காரணம். ஆசிட், பினாயில் ஊற்றி உள்ளே இருக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொன்றிருப்பீர்கள். ஒரு வாளி சாணிக் கரைசலில் வெல்லமும் ஈஸ்டும் கலந்து டாய்லெட்டில் ஊற்றுங்கள். எங்கள் அம்மா வீட்டில் பதினைந்து வருடமாக லாரியே வந்ததில்லை.

சைட்மேஸ்திரி (10:22)
பதினைந்து வருடம் லாரி வராதது பெருமை இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். உங்கள் அம்மா வீட்டில் இருப்பது அடியில் தளம் போடாத உறைக்கிணறாக இருக்கும். எல்லாம் மண்ணுக்குள் போய்ப் பக்கத்து வீட்டு போர்வெல்லுக்குப் போகிறது. பாக்டீரியா வேண்டுமானால் நாம் தினமும் அனுப்புவதிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது, சாணி தேவையில்லை. சாணியும் கசடுதான்.

வாழையிலை (10:30)
எங்கள் வீட்டைப் பார்க்காமல் பேசாதீர்கள். படித்தவர்கள் கட்டிய டேங்க்தான் ஐந்து நாளில் நிறைகிறது.

திண்ணை (10:34)
வாழையிலை அக்கா, சாணி வாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா 😄

பைப்புராஜா (10:58)
தம்பி, இரண்டு காரியம் செய்யுங்கள்.

முதலில் துணிக்குப் போடுகிற நீலம் நான்கு சொட்டு. ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கின் மூடியையும் திறந்து கொஞ்சம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே வாஷர் போயிருக்கிறது. சத்தமே வராது, நூல் மாதிரி வழியும். நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்றால்கூட நாளைக்கு 360 லிட்டர். யாரும் உபயோகிக்காத தண்ணீர், நேராக டேங்குக்கு.

இரண்டாவது, மாடி வாஷிங் மெஷின் தண்ணீர் எங்கே போகிறது? மேலே துணி போடுகிற மாடல் ஒரு தடவைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். மாடி எடுக்கும்போது தனிக் குழாய் இழுக்கச் சோம்பல்பட்டு, டாய்லெட் குழாயிலேயே ஒட்டிவிடுகிற கொத்தனார்கள் நிறைய. நானும் இளவயதில் செய்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

சைட்மேஸ்திரி (11:20)
பைப்புராஜா சொல்வது வருகிற தண்ணீருக்குச் சரி. ஆனால் அவுட்லெட்டுக்கு மேல் அரை அடி ஏறியிருக்கிறது என்றால் போகிற வழியிலும் கோளாறு. உறைக்குழி மூடியைத் திறந்து, எட்டிப் பார்க்காமல், தள்ளி நின்று நீளமான கம்பை விட்டுப் பாருங்கள். பக்கத்தில் யாரும் பீடி, தீக்குச்சி பற்ற வைக்கக் கூடாது. குழியில் தண்ணீர் குறைவு என்றால் அவுட்லெட்டில் இருக்கிற டீ (T வடிவக் குழாய்) அடைத்திருக்கிறது, நாப்கின் மாட்டியிருக்கும். குழியும் ததும்பினால் மண் குடிக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் ஊர் கரிசல். கோடையில் வெடித்துக் கிடக்கும், எவ்வளவு விட்டாலும் குடிக்கும். ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு வாயை மூடிவிடும். அதில் நாளைக்கு 900 லிட்டர் விட்டால் எங்கே போகும்? இன்னொன்று, ஒரே நேரத்தில் வாஷிங் மெஷின் தண்ணீர் பாய்ந்தால் அடியில் படிந்த கசடு கலங்கி உறைக்குழிக்குப் போய்விடும். அது குழியின் சுவரில் மெழுகினாற்போல் ஒட்டிக்கொண்டால் மழை விட்டாலும் குடிக்காது. லாரி வைத்து டேங்கை மட்டும் உறிஞ்சினால் குழித் தண்ணீர் அவுட்லெட் வழியாகத் திரும்பி வரும். 3ஆம் தேதி அப்படி வந்ததா, கவனித்தீர்களா?

மொட்டைமாடி (12:05)
எங்கள் வீட்டில் துணி துவைக்கிற தண்ணீரைக் கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்பிவிட்டோம். டேங்குக்குப் போகவே போகாது.

ஈசானமூலை (12:11)
சோப்புத் தண்ணீரில் வளர்ந்த வாழைக்காயைச் சாப்பிடுவீர்களா?

மொட்டைமாடி (12:13)
சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பஜ்ஜி போட்டால் நுரை ஒன்றும் வரவில்லை.

திண்ணை (12:40)
ஆர்ஓ மெஷினையும் பாருங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழித்து ஊற்றும். எங்கள் வீட்டில் அந்தக் குழாயை வாளியில் விட்டு வீடு துடைக்க எடுத்துக்கொள்கிறோம்.

மேலவீடு (நவம்பர் 10, இரவு 9:31)
மாடி டாய்லெட்டில் நீலம் இறங்கியது. வாஷர் மாற்றியாகிவிட்டது, 60 ரூபாய். வாஷிங் மெஷின் குழாய் டாய்லெட் லைனில்தான் போயிருக்கிறது, இப்போதைக்குத் தனி ஹோஸ் போட்டுத் தோட்டத்துக்கு விட்டிருக்கிறேன். மோட்டார் ஒரு தடவைதான் போட்டோம். அவுட்லெட் பைப்பின் மேல் விளிம்பு தெரிகிறது. விருந்தாள் வந்து போய்விட்டார்கள். எல்லோருக்கும் நன்றி.

சைட்மேஸ்திரி (நவம்பர் 10, 9:50)
விளிம்பு மட்டும் தெரிந்தால் போதாது, பைப்பின் அடி வரை இறங்க வேண்டும். உறைக்குழியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன்.

பைப்புராஜா (நவம்பர் 21)
தம்பி, மழை நின்றுவிட்டதே, மட்டம் இறங்கியதா? குழி என்ன ஆயிற்று?

வாழையிலை (நவம்பர் 21)
சாணி ஊற்றியிருப்பார், சொல்ல வெட்கப்படுகிறார்.