இருளர் பிள்ளைகளுக்கு எஸ்டி சான்று: ஒரு வருடமாக அலைகிறோம், என்ன செய்யலாம்?

ஏரிக்கரை வாத்தியார்:
வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் புறம்போக்கில் 32 இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கிருந்து முதல்முறையாக ஒரு பெண் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கிறாள். அவளுக்கு சாதிச் சான்று வாங்க இ-சேவையில் விண்ணப்பம் போட்டு ஒரு வருடம் ஆகிறது, இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள், காரணம் "போதிய ஆதாரம் இல்லை". அப்பாவிடம் சான்று இல்லை, தாத்தா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, ஆதாரத்துக்கு எங்கே போவது? இருளர் என்றாலே பாம்பு பிடிப்பவர்கள் என்ற நினைப்பில், விசாரணையில் அந்த அப்பாவைப் பார்த்து "உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியுமா" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பாவம், பதினைந்து வயதிலிருந்து சவுக்கு வெட்டுகிறவர், தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் இல்லை, பின்னால் இன்னும் இருபது பிள்ளைகள் வருகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய ஆர்ஐ:
வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். எஸ்சி, பிசி சான்று மாதிரி தாசிலோடு முடிகிற விஷயம் இல்லை இது, எஸ்டி என்றால் கோட்டாட்சியர்தான் கையெழுத்துப் போட வேண்டும். பழங்குடி இல்லாதவர்கள் பொய்ச் சான்று வாங்கி வேலைக்குப் போன கதைகள் நிறைய உண்டு, 1994-இல் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழு வைக்கச் சொன்னதும் அதனால்தான். அதிலிருந்து அதிகாரிக்குப் பயம். கொடுத்துவிட்டால் நாளைக்குத் தன் மேல் வரும், கொடுக்காவிட்டால் ஒன்றும் வராது. கோப்பு திரும்பி வருவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான் சார்.

அதனால் அவருக்குப் பயம் தெளிகிற மாதிரி காகிதம் கொடுங்கள். அப்பா வழி ரத்த சொந்தத்தில் யாராவது ஒருவர், எந்த மாவட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, சான்று வாங்கியிருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிலிருந்து இந்தப் பெண் வரை வம்சாவளி வரைந்து, இரண்டு மூன்று பெரியவர்கள் கைரேகையோடு சேர்த்துக் கொடுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: நம் பக்கத்தில் இருளரை ஊரார் வில்லியர் என்று கூப்பிடுவார்கள், பள்ளிப் பதிவேட்டிலும் அப்படியே எழுதிவிடுவார்கள். அரசுப் பட்டியலில் இருப்பது இருளர். அந்த ஒரு வார்த்தை முட்டினாலே கோப்பு திரும்பும், டிசியை முதலில் எடுத்துப் பாருங்கள்.

கன்னியம்மா பேரன்:
நான் இருளர்தான், எங்கள் குடியிருப்பில் முதல் டிகிரி. பாம்புக் கேள்வி எனக்கும் வந்தது, எலி பிடிக்கிற கேள்வியும் வந்தது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து எங்கள் ஆட்கள் பிழைப்பில்லாமல் நின்றபோதுதான் 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து விஷம் எடுத்து மறுபடி காட்டில் விடுகிறார்கள், நாடு முழுக்க விஷமுறிவு மருந்துக்கு அது போகிறது, பெருமைதான். ஆனால் அதில் உரிமத்தோடு இருப்பவர்கள் சில நூறு பேர். மீதி ஆட்கள் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்புத் தோட்டத்திலும் கிடக்கிறோம். பாம்பு பிடிக்காதவன் இருளன் இல்லை என்றால், ஏர் பிடிக்காதவனுக்கு விவசாயி சாதிச் சான்றை நிறுத்துவார்களா?

வாத்தியார் சார், சொந்தத்தைத் தேட நான் செய்ததைச் சொல்கிறேன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு எல்லா ஊர் இருளரும் கன்னியம்மாவைக் கும்பிட வருவார்கள். மணலில் கூடாரம் போட்டு ராத்திரி அங்கேயேதான். நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போய் உட்கார்ந்து, யார் யாருக்குப் பங்காளி, யாரிடம் சான்று இருக்கிறது என்று எழுதினேன். எனக்கே தெரியாத சின்னத் தாத்தா மகன் ஒருவர் கிடைத்தார். அவர் சான்றை வைத்துத்தான் எனக்கு வந்தது.

சும்மா கேட்கிறேன்:
தப்பாக நினைக்காதீர்கள், இப்படி சுலபமாகக் கொடுக்க ஆரம்பித்தால் போலிகள் நுழைய மாட்டார்களா? எஸ்டிக்கு நம் மாநிலத்தில் இருப்பதே 1 சதவீத ஒதுக்கீடு.

கன்னியம்மா பேரன்:
போலி வருகிறவன் வக்கீல் வைத்து வருவான் அண்ணா, ஏரிக்கரைக் குடிசையிலிருந்து வர மாட்டான். அந்த 1 சதவீதம் குறைவு என்று எங்களுக்கும் தெரியும், அதுவும் போலியிடம் போகிறதே என்கிற கோபம் உங்களைவிட எங்களுக்கு அதிகம். குடிசைக்கு வந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். யாரும் வருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

சூளைப் பக்கம்:
அப்படியே வந்தாலும் எப்போது வருகிறார்கள் என்று பாருங்கள். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள், ஆனி ஆடியில்தான் திரும்புவார்கள். பங்குனியில் விஏஓ வந்து பூட்டின குடிசையைப் பார்த்து "இங்கு வசிக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். நான் பார்த்தே மூன்று கோப்பு இப்படிச் செத்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு பிள்ளையாக ஜூன் மாதம் ஓடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளை ஓடாது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். 32 குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுங்கள், கோட்டாட்சியர் குடியிருப்புக்கே வந்து முகாம் போட வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் பங்காளி என்பதற்கு இன்னொருவர் அங்கேயே சாட்சி, வம்சாவளியும் ஒரே தாளில் முடிந்துவிடும்.

இன்னொன்று, முன்பணம் வாங்கியதால் சூளை முதலாளி விடமாட்டேன் என்கிறார் என்று யாராவது சொன்னால் அதைத் தனியாகக் கவனியுங்கள். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. சான்றையும் இதையும் ஒரே மனுவில் குழப்பாதீர்கள், இரண்டும் கிடப்பில் போய்விடும்.

ஏரிக்கரை வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. டிசியைப் பார்த்தேன், ஆர்ஐ சார் சொன்னது அப்படியே, 'வில்லி' என்றுதான் இருக்கிறது, எழுதியது எங்கள் பள்ளிதான், வெட்கமாகப் போய்விட்டது. திருத்தத்துக்கு எழுதிவிட்டேன். கார்த்திகை முகாமுக்கு மனு தயார் பண்ணுகிறேன். இந்தப் பெண்ணுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. அவள் பெரியப்பா மகன் ஒருவர் திருவள்ளூர் பக்கம் சான்று வைத்திருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை நானும் அவள் அப்பாவும் போகிறோம். நகல் போதுமா, அசலே வேண்டுமா?

பழைய ஆர்ஐ:
நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு கையோடு வாங்கிவிடுங்கள், மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள். முடிந்தால் அந்தப் பையனையும் விசாரணைக்குக் கூட்டிப் போங்கள், பஸ் காசு நான் தருகிறேன்.