உதவி: சீஸ் உருளைக்கிழங்கு பேக் செய்தால் பால் திரிகிறது, நடுவில் கிழங்கு வேகவில்லை

மயூர்விஹார்வாசி:
எங்கள் குடியிருப்பில் பஞ்சாபிகளின் குளிர்காலப் பண்டிகையான லோஹ்ரி அன்று எல்லா வீட்டாரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். இந்த ஆண்டும் சர்க்கரைப் பொங்கலா என்று பிள்ளைகள் முகம் சுளித்ததால், உருளைக்கிழங்கை வில்லையாகச் சீவி, பால், கிரீம், சீஸ் சேர்த்து பேக் செய்து எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன். லேசான காரம் இருக்க வேண்டும். ஆனால் ஒத்திகையிலேயே தகராறு.

மேலே பார்த்தால் பொன்னிறம், படமே எடுக்கலாம். கரண்டியை உள்ளே விட்டால்தான் வண்டவாளம் தெரிகிறது. ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய், அடியில் தண்ணீர், அதில் வெள்ளைத் திப்பிகள். நடுவிலுள்ள வில்லைகள் நறுக்கென்று கடிபடுகின்றன. காரமும் சீராக இல்லை; ஒரு வாய் சப்பென்று, அடுத்த வாய் சுரீரென்று.

செய்த விதம்: ஒரு கிலோ கிழங்கை மெல்லியதாகச் சீவி, கறுத்துப்போகாமல் இருக்கத் தண்ணீரில் போட்டுவைத்தேன். டோன்டு பால் அரை லிட்டர், பாக்கெட் கிரீம் 200 மி.லி., மொசரெல்லாவும் செடாரும் துருவியது சேர்த்து 200 கிராம். காரத்துக்கு பாட்டில் ஹாலப்பினோ மிளகாய், அதிலுள்ள தண்ணீரும் இரண்டு கரண்டி. எல்லாவற்றையும் பச்சையாகவே அடுக்கி, ஓ.டி.ஜி.யில் (மேலும் கீழும் கம்பி சூடாகும் சின்ன மின்சார அவன்) 220 டிகிரியில் 40 நிமிடம். மூடி போடவில்லை. எதை மாற்ற வேண்டும்?

கரோல்பாக் மாமி:
அந்த பாட்டில் தண்ணீரில் இருப்பது வினிகர் அம்மா. கொதிக்கிற பாலில் புளிப்பை விட்டால் பனீர்தான் கிடைக்கும், கிடைத்திருக்கிறது. கிழங்கு வேகாததிலும் அதற்குப் பங்கு உண்டு. புளி கரைத்து விட்ட பிறகு சாம்பாரில் காய் வேகாது என்று நம் வீட்டில் சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். சீஸ் போட்டால் மட்டும் அந்த விதி மாறிவிடுமா என்ன?

இன்னொன்று கேட்கிறேன். கிழங்கு எப்படிப்பட்டது? கட்டைவிரலால் தேய்த்தால் தோல் கழன்று வருகிறதா?

மயூர்விஹார்வாசி:
ஆமாம் மாமி, அப்படியே உரிகிறது. வாரச் சந்தையில் வாங்கியது.

கரோல்பாக் மாமி:
அப்படியானால் புதுக் கிழங்கு. குளிர்காலம் முழுக்க டில்லியில் அதுதான் மலிவு. நீர் அதிகம், மாவு குறைவு. தம் ஆலுவுக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது, குழம்பில் கரையாமல் முழுசாக நிற்கும். ஆனால் வாயில் வைத்தால் கரைய வேண்டிய பதார்த்தத்துக்கு அந்தக் குணமே எதிரி. கடைக்காரரிடம் பஹாடி ஆலு, அதாவது மலைக் கிழங்கு என்று கேள். சிப்சோனா கிடைத்தாலும் சரி, சிப்சுக்கென்றே உருவாக்கிய ரகம், மாவுச்சத்து கூடுதல்.

சமையற்கட்டுத் தம்பி:
குருகிராமில் ஓட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். மாமி சொன்னது சரி, ஆனால் வினிகரை நிறுத்தினால் மட்டும் போதாது. பாலில் கொழுப்பு குறையக் குறையத் திரிகிற அபாயம் கூடும். டோன்டு பாலில் 3 சதவீதம், ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம், பாக்கெட் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம். வெளிநாட்டுச் செய்முறைகளில் கேட்கும் கிரீம் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதை நம்பி எழுதிய சூட்டையும் நேரத்தையும் நம் பால் தாங்காது. எனவே ஃபுல் கிரீம் பால், சூடு 180 டிகிரி.

அடுத்து, வில்லைகளைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வறுவலுக்கு மாவைக் கழுவித் தள்ளுவது நியாயம், இல்லையென்றால் மொறுமொறுப்பு வராது. இங்கே அந்த மாவுதான் பாலைக் கெட்டியாக்கி, பிரியவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. கறுத்துவிடும் என்ற பயம் இருந்தால் பாலை முதலில் சூடாக்கிக்கொண்டு, சீவச் சீவ அதிலேயே நேராகப் போடுங்கள்.

அகலமான வாணலியில் பால், கிரீம், நசுக்கிய பூண்டு, உப்பு. கிழங்கு மூன்று மில்லிமீட்டர் கனம். சிறு தீயில் பத்து நிமிடம் போல, அடிபிடிக்காமல் மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருங்கள். கத்தி முனை உள்ளே போக வேண்டும், ஆனால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் அதன் முதுகில் பால் படிந்து நிற்க வேண்டும், விரலால் கோடு இழுத்தால் அழியக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, வெண்ணெய் தடவிய தட்டையான பாத்திரத்தில் பரப்புங்கள். ஆழமான பாத்திரம் வேண்டாம். ஃபாயில் போட்டு மூடி அரை மணி நேரம், திறந்து மேல் கம்பி மட்டும் எரிய விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம். பச்சைக் கிழங்கை அடுக்கினால் மேலே கருகும்வரை நடு வேகாது, எந்த ஓ.டி.ஜி.யானாலும்.

எண்ணெய் பிரிந்தது செடாரால். அதிகச் சூட்டில் கொழுப்பைக் கக்கிவிடும், புளிப்பு சேர்ந்தால் இன்னும் மோசம். பிராசஸ்டு சீஸ் கட்டியைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் வைத்திருப்பதால் வழவழவென்று உருகும். பாதி அதுவாக இருக்கட்டும், தீயை அணைத்த பிறகு கலக்குங்கள். மொசரெல்லா மேலே தூவ மட்டும்.

ஆர்.கே.புரத்தார்:
ஒரு பதார்த்தத்துக்கு இத்தனை பக்குவமா? இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் வெள்ளை சாஸ் தயார். அது திரிந்து நான் பார்த்ததில்லை. வேகவைத்த கிழங்கின்மேல் ஊற்றி, சீஸ் தூவி, மேல் நிறம் வந்ததும் எடுக்க வேண்டியதுதான். எந்தக் கிழங்கானாலும் ஒத்துப்போகும்.

சமையற்கட்டுத் தம்பி:
சார், அது திரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிழங்கு தனி, சாஸ் தனி என்று நிற்கும். ஆறினால் களி. அவசரத்துக்கு உங்கள் வழி, விருந்துக்கு என் வழி.

ஆர்.கே.புரத்தார்:
லோஹ்ரிக் குளிரில் எதுவும் ஐந்து நிமிடத்தில் ஆறத்தான் போகிறது, தம்பி.

மயூர்விஹார்வாசி:
இரண்டுக்கும் நன்றி. காரத்துக்கு வழி சொல்லவில்லையே? கூட்டத்தில் குழந்தைகள் இருப்பார்கள். என் மாமனாரோ காரம் இல்லாததைச் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

கரோல்பாக் மாமி:
மிளகாயைத் துண்டாகப் போட்டால் துண்டு இருக்கிற இடத்தில் மட்டும்தான் உறைக்கும். காரம் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாக இறங்கும். எனவே இரண்டு பச்சை மிளகாயைக் கீறி, பாலும் கிரீமும் காய்கிறபோதே போட்டுவிடு. கிழங்கைப் போடுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்து, போதும் என்றால் மிளகாயை எடுத்துவிடலாம். காரம் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும், குழந்தைகள் வாயில் மிளகாய் அகப்படாது.

கண்ணுக்கும் மிளகாய் தெரிய வேண்டுமானால் பஜ்ஜி மிளகாய். விதையைவிட, விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் உறைப்பு அதிகம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, வளையமாக அரிந்து, வெண்ணெயில் வதக்கி நடு அடுக்கில் வை. ஹாலப்பினோதான் வேண்டும் என்றால் பாட்டிலிலிருந்து எடுத்து அலசி, பிழிந்து, மேலே கடைசிப் பத்து நிமிடம். மாமனாருக்குத் தட்டில் மிளகைப் பொடித்துத் தூவிவிடு, பேச்சு எழாது.

மயூர்விஹார்வாசி:
தம்பி சொன்ன முறையில், மாமி சொன்ன காரத்தோடு செய்தாயிற்று. பஹாடி ஆலு சந்தையில் இல்லை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்தது, விலைதான் கொஞ்சம் உறைத்தது. திப்பி இல்லை. ஓரத்தில் துளி வெண்ணெய் மினுங்கியது, அவ்வளவுதான். கிழங்கு கரண்டிக்கு அப்படியே இசைந்தது. ஆனால் எடுத்த உடனே பரிமாறியதால் சாஸ் தட்டில் ஓடியது. இன்னும் கெட்டியாக வேண்டுமா?

சமையற்கட்டுத் தம்பி:
வேண்டாம். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள், தானாக இறுகும். இன்னும் கெட்டியாக்கினால் ஆர்.கே.புரத்தார் சாஸ் ஆகிவிடும்.

மயூர்விஹார்வாசி:
கடைசியாக ஒன்று. அன்று மாலை கேஸ் அடுப்பில் வேறு வேலை இருக்கும். காலையிலேயே செய்து வைக்கலாமா?

சமையற்கட்டுத் தம்பி:
செய்யலாம். ஃபாயில் மூடி போட்டு வேகவைக்கும் கட்டம்வரை முடித்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மேல் சீஸ் இப்போது வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, கண்ணாடிப் பாத்திரமானால் குளிர் விட்ட பிறகே உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். மூடியோடு 160 டிகிரியில் நடுப்பகுதி சூடாகும்வரை, பிறகு சீஸ் தூவித் திறந்து வைத்து மேல் கம்பி. மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், அங்கங்கே கொதித்து எண்ணெய் பிரியும்.

கரோல்பாக் மாமி:
பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போ. சர்க்கரைப் பொங்கலையும் ஒரு சின்ன பாத்திரத்தில் கொண்டுபோ, பஞ்சாபிக்காரர்கள் தேடுவார்கள்.