ஊமைப்படத்துக்கு மைக் தேவையா?

பழைய_லயத்தான்:
சனிக்கிழமை இரவு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்ட மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஊமைப்படம் போட்டோம். 'மை பெஸ்ட் கேர்ள்', 1927. ஹாலிவுட் நடிகை மேரி பிக்ஃபோர்டின் கடைசி ஊமைப்படம். மலிவுச் சாமான் கடையில் சரக்கெடுத்துக் கொடுக்கும் பெண், முதலாளி மகன் என்று தெரியாமல் புதுப் பையனுக்கு வேலை பழக்குகிறாள். அப்புறம் காதல்தான். பாட்டிமாருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதே என்று, திரையில் வசனம் எழுதிய அட்டை வரும்போதெல்லாம் மைக்கில் தமிழில் சொன்னேன். அதற்கு ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். தப்பா?

செம்பனைக்காரன்:
வந்தது நான்தான். அண்ணே, அட்டையை மட்டும் வாசித்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். கடைசியில் பையனை விலக்கிவிட, அவள் உதட்டுச் சாயத்தை அப்பிக்கொண்டு கெட்டவள்போல நடிக்கிறாள். வாய் சிரிக்கிறது, கண் கலங்குகிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் "பாவம், சும்மா நடிக்கிறா" என்றீர்கள். அதை நாங்களே கண்டுபிடிக்கத்தானே படம்?

தே_தாரிக்:
ஊமைப்படம் எந்தக் காலத்தில் ஊமையாக ஓடியது? தமிழ்நாட்டில் திரைக்குப் பக்கத்தில் ஆள் நின்று கதை சொல்வார். ஜப்பானில் 'பென்ஷி' என்று அதற்கே கலைஞர்கள் இருந்தார்கள், நடிகருக்குச் சமமான புகழோடு.

செம்பனைக்காரன்:
பென்ஷி தொழில் கற்றவர். அண்ணன் லோரி ஓட்டுகிறார்.

பழைய_லயத்தான்:
லோரி ஓட்டினால் கதை சொல்லத் தெரியாதா? முன்வரிசையில் பாட்டிமார் எல்லோரும் சிரித்தார்களே, பார்க்கவில்லையா?

மாரியம்மா_மகள்:
முன்வரிசையில் என் அம்மாவும் இருந்தார். காது மந்தம். மைக்கில் சொன்ன ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் சிரித்தார். தொலைக்காட்சி ஓடினால் "என்ன சொல்றான்?" என்று என் கையைச் சுரண்டிக்கொண்டே இருப்பவர், அன்றைக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சரக்கறைப் பெட்டிக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடும் இடம் வந்ததும் அவர்தான் எனக்குச் சொன்னார்: "நாங்க ரப்பர்ப் பால் வெட்டிட்டு மரத்தடியில பசியாறுவோமே, அந்த மாதிரி."

செம்பனைக்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன்!

பழைய_லயத்தான்:
காது கேட்கிற மற்றப் பாட்டிமாரையும் பாருங்கள் தம்பி. சரி, அடுத்த தடவை அட்டையை மட்டும் வாசிக்கிறேன். அழுகைக் காட்சியில் மைக்கை நீங்களே பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மா_மகள்:
அம்மா இப்போது கேட்கிறார், அந்த இரண்டு பேரும் நிஜத்திலும் கட்டிக்கொண்டார்களா என்று.

தே_தாரிக்:
ஆமாம், 1937-இல். மாப்பிள்ளை பட்டி ராஜர்ஸ் பன்னிரண்டு வயது இளையவர். அதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.