வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சல் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

முள்ளியவளை அம்மா

என் மகனுக்கு இப்போது பதினாறாம் வயது நடக்கிறது. ஓட்டிசம். சோடா மூடிகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்குவான். ஒரு மூடியை நாங்கள் தள்ளிவைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. 'அம்மா' என்று கூப்பிட்டதே நாலரை வயதில்தான்.

2009 ஆடியில், போர் முடிந்து எங்களை அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் முகாமில், எனக்குக் கொப்பளிப்பான் வந்தது; அம்மாள் வருத்தம், சின்னம்மை என்றும் சொல்வார்களே, அது. அப்போது ஐந்து மாதம். ஒரே கூடாரத்தில் பதினொரு பேர், ஒதுங்கிப் படுக்க இடமில்லை. முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வேம்பு நின்றது. ஒரு கொப்பு முறிக்க வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வற்றாப்பளை அம்மாளுக்கு வைத்த நேர்த்தியை நான் மறந்துபோனதால்தான் பிள்ளை இப்படி என்பார் மாமி. ஊர் திரும்பின பிறகு வைகாசிப் பொங்கலுக்குப் போய் நேர்த்தியும் முடித்தாயிற்று. பிள்ளையும் மாறவில்லை, மாமியின் கதையும் மாறவில்லை.

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். கொப்பளிப்பான் முதல் இருபது வாரத்துக்குள் வந்தால் நூறில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத் தோலில் தழும்பு, கண்ணிலோ கை காலிலோ மூளையிலோ பாதிப்பு வரலாமாம். இவனிடம் அந்த அடையாளம் ஒன்றும் இல்லை என்றார். சரி, அப்படியென்றால் எது? அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

மல்லாவி, ஓய்வுபெற்ற மருத்துவிச்சி

தங்கச்சி, நான் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பவில்லை. கண்மணியில் பால் சிந்தினதுபோல ஒரு வெள்ளை. தாயைத் துருவிக் கேட்டால், இரண்டாம் மாதத்தில் இரண்டு நாள் மேலெல்லாம் சிவந்து தடித்ததாம், காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லையாம். ருபெல்லா, ஜேர்மன் சின்னமுத்து என்போமே, அது. 1941இலேயே அவுஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் வைத்தியர் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் நாட்டில் ஊசி வந்தது 1996இல். 2020இல் நாட்டிலேயே ருபெல்லா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன்.

காய்ச்சல் எவ்வளவு அடித்தது என்பதைவிட, என்ன கிருமி, எத்தனையாம் மாதம் என்பதுதான் கணக்கு. ஆனால் பரசிற்றமோலுக்குப் பயந்து காய்ச்சலோடு கிடக்கிற பிள்ளைத்தாச்சிகளைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

கிளிநொச்சி, மாணவன்

அக்கா, நான் படிக்கிறது இதை ஒட்டின பாடம். கிருமி பிள்ளையைத் தொடாமலே மூளையில் மாற்றம் வரலாம் என்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். சினையான எலிக்கு வைரஸ் இல்லை, வைரஸ் வந்ததாக உடலை ஏமாற்றுகிற ஒரு மருந்து ஏற்றுவார்கள். தாயின் உடல் சண்டைக்கு எழும்பும். அப்போது சுரக்கிற இன்டர்லூக்கின்-6 போன்ற, உடலின் காவல் அணுக்களுக்குச் சேதி சொல்கிற புரதங்கள்தான் குட்டியின் மூளை வளர்ச்சியைக் குழப்புகின்றன. அந்தக் குட்டிகள் மற்றக் குட்டிகளோடு சேராது. கண்ணாடிக் குண்டுகளைப் போட்டால் திரும்பத் திரும்பப் புதைத்துக்கொண்டே இருக்கும். கலிபோர்னியாவில் பாட்டர்சன் என்ற விஞ்ஞானியின் குழு 2007இல் இன்டர்லூக்கின்-6ஐ மறித்துப் பார்த்தது. குட்டிகள் ஏறக்குறைய வழமையாக நடந்துகொண்டன.

உங்கள் மகனின் சோடா மூடியை வாசித்ததும் எனக்கு அந்தக் குண்டுகள்தான் ஞாபகம் வந்தன. ஆனால் மனிதரில் இது இவ்வளவு நேராக இல்லை அக்கா. கர்ப்பத்தில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் சற்று அதிகம் என்று சுவீடனில் கண்டார்கள். பிறகு அதே தாயின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், அந்த வித்தியாசம் இல்லாமல் போயிற்று. அப்போது அது காய்ச்சலா, குடும்பத்தோடு வந்ததா? அதோடு அந்த வருடம் நீங்கள் பட்ட பசியையும் பயத்தையும் எந்த எலிக்கூட்டில் வைத்து அளக்கிறது?

துணுக்காய் அப்பா

மனைவிக்கு ஏழாம் மாதம் டெங்கு, ஐந்து நாள் வார்ட்டில். மகளுக்கு இப்போது மூன்று வயது, ஒரு குறையும் இல்லை. குழப்படிதான் தாங்க முடியவில்லை. அதையும் டெங்கின் கணக்கில் எழுதலாமா?

முள்ளியவளை அம்மா

எல்லாவற்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். எலிக் கதை வந்ததும், "எலிக்குமோ அம்மாள் வருத்தம்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். பின்னேரம் சந்திக் கடையிலிருந்து வரும்போது சேலைத் தலைப்பில் ஏதோ முடிந்திருந்தது. அவிழ்த்தால் ஏழு நீல மூடி. இவன் ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினான்.