புற்றுநோய் ட்ரையல்: சேர்க்கை விதிகளைத் தளர்த்த வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் மருமகன்:
மாமியாருக்கு 67 வயது. மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. கீமோ இப்போது கேட்கவில்லை. புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ட்ரையல் நடக்கிறது என்று டாக்டரே சொல்லி எழுதிப் போட்டார். ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) அதிகம், சேர்க்க முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சேர்த்திருந்தாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஜோகன்னஸ்பர்க் போக வேண்டும். டர்பனிலிருந்து 570 கிலோமீட்டர் சொச்சம்! திடகாத்திரமானவர்களுக்குத்தான் புது மருந்தா?

மெர்பேங்க் அக்கா:
தம்பி, நான் ட்ரையல் வார்டில் நர்ஸாக இருந்தவள். கிட்னி சரியில்லாதவருக்குப் புது மருந்தைக் கொடுத்து, உடம்பு மோசமானால் காரணம் மருந்தா கிட்னியா என்று எப்படிச் சொல்வது? சேர்ந்துவிட்டால் புது மருந்துதான் கிடைக்கும் என்றும் இல்லை. பல ட்ரையல்களில் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கும், ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையே.

கண்டிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் தென்னாப்பிரிக்காவே பார்த்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் டாக்டர் பெஸ்வோடா, மார்பகப் புற்றுநோய்க்கு அதிக அளவு கீமோ பலன் தருகிறது என்று 1999-ல் அமெரிக்க மாநாட்டில் அறிவித்தார். 2000-ல் அமெரிக்காவிலிருந்து தணிக்கைக் குழு வந்து அவருடைய ஆய்வுப் பதிவுகளைப் புரட்டியது. உண்மையை மாற்றிச் சொன்னதாக அவரே ஒப்புக்கொண்டார். நோயாளிகள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களும் இல்லை.

டோங்காட் காரன்:
அக்கா, அவர் செய்தது பித்தலாட்டம். சேர்க்கை விதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2017-லேயே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் விதிகளைத் தளர்த்தச் சொல்லிவிட்டது: கிட்னி, ஈரல் குறைபாடு, எச்.ஐ.வி, மூளைக்குப் பரவிய நோய், முன்பு வந்த வேறு புற்றுநோய் என்று பட்டியலே போட்டது. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எச்.ஐ.வி உள்ளவர்களை ஒதுக்கினால் மிச்சம் எத்தனை பேர்? மருந்து கடைக்கு வந்ததும் இதே ஆட்களுக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அப்போதும் சோதனைதான் நடக்கும், கணக்கெழுத ஆள் இருக்காது.

மெர்பேங்க் அக்கா:
எச்.ஐ.வி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மாத்திரையால் கட்டுக்குள் இருப்பவரை ஒதுக்கக் காரணமில்லை. பழைய ட்ரையலின் விதிகளை அப்படியே காப்பி அடிக்கிற பழக்கமும் உண்டுதான். ஆனால் கிட்னி வழியாக வெளியேறுகிற மருந்து என்றால் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பீனிக்ஸ் வாசி:
அடுப்பே எரியவில்லை, பாயசத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். இந்த மாகாணத்தில் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று மனித உரிமை ஆணையமே 2017-ல் அறிக்கை கொடுத்தது. அப்போது கதிர்வீச்சு இயந்திரங்கள் பழுது, போதுமான டாக்டர்கள் இல்லை. டிராஸ்டுசுமாப் 1998-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்து. அதற்காகப் போராடிய நம் நாட்டு நோயாளி டொபெகா டாக்கி 2016-ல் அது கிடைக்காமலேயே இறந்தார். ட்ரையல் முடிந்த பின்னும் மருந்து தருவோம் என்று எழுதிக் கொடுக்காத மருந்துக் கம்பெனியை உள்ளேயே விடக்கூடாது.

டோங்காட் காரன்:
அந்த நிபந்தனைக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அடுப்பு பற்றும்வரை ட்ரையலே வேண்டாம் என்றால், அதுவும் ஜோகன்னஸ்பர்க், கேப்டவுனோடு நின்றுவிடும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் டர்பனில் எடுத்து அனுப்பினால் என்ன கெட்டுவிடும்? ஊசிக்கு மட்டும் போனால் போதாதா?

சாட்ஸ்வொர்த் மருமகன்:
வாதம் இருக்கட்டும். எங்களுக்கு இப்போது ஏதாவது வழி உண்டா?

மெர்பேங்க் அக்கா:
கிரியேட்டினின் எல்லை எவ்வளவு, அம்மாவுக்கு எவ்வளவு என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சில ட்ரையல்களில் மறுபரிசோதனைக்கு இடம் உண்டு. தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலும் அளவு ஏறும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை எடுக்கிறாரா? அதுவும் ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். தேசிய ட்ரையல் பதிவேடும் இணையத்தில் இருக்கிறது, வேறு ஏதாவது நடக்கிறதா பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகன்:
முழங்கால் வலிக்கு அதைத்தான் தினமும் போடுகிறார், அக்கா. இதுவரை யாருமே அதைக் கேட்கவில்லை.